கட்டை வண்டியா, வில் வண்டியா?

மதுரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் இரண்டு விஷயங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று வெயில், மற்றொன்று வேகத்தடை. வெயிலைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. வேகத்தடையைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தம்பி. இன்னும் சரியாகச் சொன்னால், தம்பியின் கார்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார்தான். நாலு கதவு, ஐந்து பேர் உட்கார இடம், பெட்டி படுக்கை வைக்கப் பின்னால் டிக்கி. ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் பந்தயக் குதிரை. இந்த ஜாதிக் காருக்கு 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்று பெயர். கல்யாணமாகிவிட்டது, ஆனால் இன்னும் காலேஜ் பையன் என்ற நினைப்புப் போகவில்லை என்கிற ஆண்பிள்ளைகளுக்கென்றே செய்தது போலிருக்கிறது.

வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள் தம்பி அதை வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய், ஒரு பட்டறையில் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான, கடினமான ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கார் நாலு சென்டிமீட்டர் கீழே இறங்கியது. சக்கரமும் 16 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாயிற்று. பாயப் போகும் சிறுத்தை மாதிரி தரையோடு தரையாக அது பதுங்கி நிற்பதைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் உட்கார்ந்து போனவர்கள் யாரும் அழகைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்ற மாதம் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. அதற்காகச் சென்னையிலிருந்து நானும் சிம்மக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமல்லவா? தாய் வீடு அழகர்கோயிலைத் தாண்டி, மேலூர் போகும் வழியில் ஒரு கிராமம். எல்லாம் சேர்ந்து 30 கிலோமீட்டருக்குள்தான். டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, "தாராளமாகக் காரில் போகலாம். பெல்ட்டை மட்டும் வயிற்றுக்கு மேலே போடாமல் அடிவயிற்றுக்குக் கீழே, தொடையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். டாக்டர் சம்மதித்துவிட்டார். அம்மா சம்மதிக்கவில்லை.

"இதுவா கார்? இது கட்டை வண்டி! ஏழு மாசக்காரியை இதிலே ஏற்றி அனுப்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகைக் கார் பேசு" என்று சொல்லிவிட்டாள்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அதைவிட அவன் மனைவியின் முகம் வாடியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் காருக்கு முன்பணம் கட்டியதில் பாதி, அவள் கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்து மாதா மாதம் சேர்த்து வைத்த பணம். ஸ்பிரிங் மாற்றியது அவளைக் கேட்காமல் செய்த காரியம். "என் பணத்தில் வாங்கின காரிலே எனக்கே இடமில்லையா, மதினி?" என்று சமையலறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். பூஜை அறையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து, கழுத்து மட்டும் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "இதை மடியிலே வைத்துக்கொண்டு அழகர்கோயில் வரைக்கும் போய்விட்டு வா. சிந்தாமல் கொண்டு வந்தால் மருமகளை ஏற்றுகிறேன். வளைகாப்புக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது."

இப்படியாக, காரைப் பற்றி ஒன்றும் அறியாத நான் காரின் பரிசோதகர் உத்தியோகத்துக்கு நியமிக்கப்பட்டேன்.

*

சிம்மக்கல்லிலிருந்து கிளம்பி, 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக வைகையைக் கடந்தோம். சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் இறங்கும்போது ஜன சமுத்திரமாகத் தெரியும் ஆறு, மற்ற நாட்களில் புல்லும் மணலுமாகக் கிடக்கிறது. கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி. அதுவரை தண்ணீர் ததும்பியதே தவிர விழவில்லை. தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தான்.

கடச்சனேந்தலில் ஆரம்பித்தது.

அழகர்கோயில் சாலையில் போயிருக்கிறீர்களோ? அழகர் மதுரைக்கு வரும் ராஜபாட்டை அது. வழிநெடுக மண்டபங்கள். ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று, இளைப்பாறி, தீபாராதனை கண்டு, ஆடி அசைந்து வருவார் அழகர். கிட்டத்தட்ட அத்தனை மண்டபங்களுக்கும் போட்டியாக இப்போது வேகத்தடைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று. சாலைக்காரர்களின் சாஸ்திரப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, ஆமை ஓடு மாதிரி மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும்; 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை அலுங்காமல் கடக்கலாம். சாஸ்திரம் எழுதியவர்கள் ஊருக்குள் வந்து பார்த்ததில்லை போலும். நாங்கள் பார்த்தவற்றில் பல, ஒரு முழம் இரண்டு முழ அகலத்தில் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அகலமான தடையில் காரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டுமே தடையின் மேல் ஏறி நிற்கும். அப்போது நடுவயிற்றுக்குக் கீழே மேடு 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் துருத்திக்கொண்டிருக்கும். குறுகலான தடையில் சக்கரங்கள் இரு பக்கமும் தரையில் இருக்க, முழு 10 சென்டிமீட்டரும் வயிற்றை நோக்கி எழும்பும். தம்பியின் காருக்குக் கம்பெனி கொடுத்த இடைவெளி சுமார் 14. அதில் ஸ்பிரிங் மாற்றி நாலு போயிற்று. நாலு பேர் ஏறிக்கொண்டால் இன்னும் இரண்டோ மூன்றோ போகும். மீதி என்ன? கூட்டல் கழித்தல் தெரிந்த நம் வீட்டுக் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள்.

'கிர்ர்ர்' என்று வயிறு உரசிய சத்தத்தில் பல் கூசியது. அப்பன்திருப்பதி வருவதற்குள் செம்பில் பாதி என் புடவையில். அழகர்மலை கண்ணுக்குத் தெரிந்தபோது மீதியில் பாதி தம்பியின் விலையுயர்ந்த இருக்கையில். பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமி சந்நிதிக்கு எதிரில் நின்று, காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

தம்பி விடவில்லை. "இது ரோட்டுக் குற்றம் அக்கா. நல்ல ரோட்டிலே இதன் அருமையைப் பார்" என்று திரும்பும்போது நத்தம் சாலை மேம்பாலத்துக்கு என்னை அழைத்துப் போனான். 2023-இல் திறந்த பாலம், 7.3 கிலோமீட்டர் நீளம். நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கே அந்தக் கார் பிரமாதமாகத்தான் போயிற்று. வளைவில் ஒரு பக்கமாகச் சாயவே இல்லை. கயிறு பிடித்த மாதிரி நேராக நின்றது. பால இணைப்புகளில் மட்டும் 'டக்... டக்...' என்று முதுகெலும்பின் அடிநுனியில் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். கோவைச் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய மைதானத்தில் ஓட்ட இது அருமையான கார் என்று எனக்குப் பட்டது. ஆனால் வளைகாப்புச் சீர் தட்டுகளோடு யாரும் பந்தய மைதானத்துக்குப் போவதில்லையே!

*

மாட்டுத்தாவணி என்றால் இன்று எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பெரிய பஸ் நிலையம். ஆனால் பெயரைப் பாருங்கள்: தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாடு பிடித்து வண்டியில் பூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இன்று கார் பட்டறைகள் இருப்பது பொருத்தந்தான். அப்படி ஒரு பட்டறையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருப்பதாக அடுத்த வீட்டு லாரிக்காரர் சொன்னார். தம்பிக்கு அரை மனது. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பெரியவர் காரைச் சுற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பக்க மூலையில் இரண்டு கையையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். கார் மேலே வந்தது, கீழே போயிற்று, மறுபடி மேலே வந்தது, இன்னும் ஒரு தடவை தலையாட்டிவிட்டு நின்றது.

"ஸ்பிரிங்கை மாத்தினீங்க, ஷாக்கை மாத்தலை. அப்படித்தானே தம்பி?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஸ்பிரிங் வேற, ஷாக் வேற. ரெண்டும் புருஷன் பெண்டாட்டி. ஒண்ணை மட்டும் மாத்திப்பிட்டு இன்னொண்ணைக் கேக்காம விட்டா வீடு உருப்படுமா?"

பெரியவருக்கு எங்கள் வீட்டுச் சமாசாரம் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் வரை அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, நமக்குப் பழக்கமான முறையில் சொல்கிறேன்.

நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டும்போது உத்தரத்துக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டிக் கட்டுகிறோமல்லவா? பிறந்த குழந்தையை அதில் போட்டால் ஸ்பிரிங் அசையவே அசையாது. அதே ஸ்பிரிங்கில் இரண்டு வயதுப் பையன் ஏறிக்கொண்டால் தரையில் இடிக்கும். கனத்துக்குத் தகுந்த ஸ்பிரிங் வேண்டும். கார் சமாசாரமும் இவ்வளவுதான். கடினமான ஸ்பிரிங் என்றால் உயர்ந்த ஸ்பிரிங் என்று அர்த்தமில்லை.

தூளியை ஒரு தடவை தட்டிவிட்டால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தை தூங்கியதும் பாட்டி கையால் மெல்லப் பிடித்து ஆட்டத்தை அடக்குவாள். அந்தப் பாட்டியின் கைதான் ஷாக் அப்சார்பர். அதற்குள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெயில் ஓட்டை போட்ட ஒரு தட்டு மேலும் கீழும் போகிறது. இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அமுக்கினால் மாவு சுலபமாக இறங்கும்; அவசரமாக அமுக்கினால் கை வலிக்கும். ஆட்டத்தின் வேகத்தை அந்த எண்ணெய் வாங்கிக்கொண்டு சூடாகி, காற்றிலே விட்டுவிடுகிறது. கடினமான ஸ்பிரிங் போட்டால் அது திருப்பி உதைக்கும் உதையும் ஜாஸ்தி. பழைய ஷாக்கின் கைக்கு அது அடங்குமா? அதனால்தான் கார் மூன்று தடவை தலையாட்டியது.

குடும்பக் காரில் இந்த ஆட்டம் நிமிடத்துக்கு 60 முதல் 90 தடவை இருக்கும்படி வைப்பார்கள். மனிதன் நிதானமாக நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதற்கு ஏறக்குறையச் சமம். ஆகையால் உடம்புக்கு அது புதிதாகத் தோன்றுவதில்லை. மிகவும் மெதுவாக ஆடினால் படகில் போகிற மாதிரி குமட்டும். வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் குலுக்கல்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் வயிறும் முதுகும் அந்தக் குலுக்கலோடு சேர்ந்துகொண்டு தாங்களும் ஆடத் தொடங்கிவிடும்.

இன்னொரு அதிசயம். ஸ்பிரிங் கம்பியின் கனத்தை 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆக்கினால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கடினம் நூற்றுக்கு 38 பங்கு கூடிவிடுகிறது! சிலர் காசை மிச்சம் பிடிக்க, கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டுக் காரைத் தாழ்த்துகிறார்களாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். அது போகட்டும், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது வெட்டுப்பட்ட ஸ்பிரிங் இருந்த இடத்தைவிட்டு விலகி விழவும் கூடும். "வெட்டின ஸ்பிரிங்கோட வர்ற காரை நான் தொடவே மாட்டேன்மா. பாவம் அந்தக் காரில்லை, எதிரே வர்றவன்" என்றார் பெரியவர்.

*

பேச்சு வாக்கில் அம்மா சொன்ன 'கட்டை வண்டி'யை நான் சொன்னதும் பெரியவர் உற்சாகமாகிவிட்டார். அவருடைய தகப்பனார் பஸ் பட்டறையில் வில் பட்டை கழற்றி மாட்டியவர். பாட்டனார் வண்டி கட்டியவர். அச்சின் மேல் நேராகச் சட்டத்தை வைத்துக் கட்டினால் கட்டை வண்டி. நெல்லும் எருவும் ஏற்ற அது போதும். பெண்டு பிள்ளைகள் ஏறும் கூண்டு வண்டிக்கு, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கொடுத்தால் வில் வண்டி. வசதியான வீட்டின் அடையாளமே அதுதான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேலூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கட்டை வண்டிக்காரர்கள் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரிப்பார்கள். "அந்த வைக்கோல்தாம்மா ஏழையோட ஸ்பிரிங்கு" என்றார்.

அந்த வில் பட்டைதான் பிறகு பஸ்ஸுக்கும் லாரிக்கும் வந்தது. நம்மில் பலர் ஏறி வளர்ந்த அம்பாசிடர் காரின் பின்பக்கத்திலும் இதே பட்டைதான். 2014-இல் அந்தக் கார் உற்பத்தி நின்றது வரை அப்படியே இருந்தது. பின்சீட்டில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் அது முனகியதே தவிர இடித்ததில்லை.

மதுரைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு சாமானியமானதல்ல. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய ஸ்தாபனம், மதுரையைத் தலைநகராக வைத்துக்கொண்டுதான் பஸ் விட்டது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பஞ்சராக்குகின்றன என்று, காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்களாம்! சாலையைத் திட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் சாலையைப் பெருக்கிய அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1972-இல் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஆனால் இரும்பும் ரப்பரும் தெரிந்த கைகள் ஊரைவிட்டுப் போகவில்லை.

*

"மதுரையைச் சுத்தி ஒரே ரோடுன்னு நினைக்காதீங்க. மண்ணு மாறினா ரோடு மாறும்" என்று சொல்லி, மறுநாள் பெரியவர் எங்களைத் திருமங்கலத்துக்குத் தெற்கே அழைத்துப் போனார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் நானும் செம்பும். அன்று அரைச் செம்புதான். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மேலூர்ப் பக்கம் செம்மண். பெரியாற்று வாய்க்கால் தண்ணீரும் நெல் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் போனால் காட்சியே வேறு. கரிசல் பூமி. மழை பெய்தால் உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே போட்ட தார்ச் சாலை அதோடு சேர்ந்து ஏறி இறங்கி அலை அலையாக நிற்கிறது. நாற்கர நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது. கிராமத்துச் சாலைக்கு இறங்கினால் தெரியும். பிறகு கண்மாய்க் கரைமேல் போகும் சாலைகள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், நடுவே லாரி டயர் பதிந்த இரண்டு தடம்.

அங்கே தம்பி கொஞ்சம் வேகமாக ஓட்டினான். கார் அலையின் உச்சியில் துள்ளி, ஒரு கணம் மிதந்தது. திரும்ப இறங்கும்போது 'தொம்' என்று ஒரு இடி. ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடம் தீர்ந்து, அடியிலிருக்கும் ரப்பர்க் கட்டையில் உலோகம் மோதிய சத்தம் அது.

"இப்பத் துள்ளினப்ப உங்க சக்கரம் தரையிலே இருந்துச்சா?"

"இல்லை."

"தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக் ஏது, ஸ்டீயரிங் ஏது? வேகமாப் போகணும்னா சக்கரம் மண்ணை விடக் கூடாது தம்பி. நல்ல ரோட்டிலே கெட்டி ஸ்பிரிங் அந்த வேலையைச் செய்யும். இந்த ரோட்டிலே மெத்துன்னு இருக்கிற ஸ்பிரிங்தான் செய்யும்."

தம்பி அதற்குப் பிறகு வழியெல்லாம் பேசவில்லை. காரை அவன் வாங்கியது வேகத்துக்காக. தாழ்த்தியதும் வேகத்துக்காக என்றுதான் நினைத்திருந்தான். கிழவர் சொன்னது அங்கேதான் தைத்தது.

திருமங்கலத்தில் காப்பி சாப்பிடும்போது கணக்கு ஆரம்பமாயிற்று. தம்பிக்கு ஆசை 'காயில் ஓவர்' என்ற சாதனத்தின் மேல். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்தது. உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கலாம். நல்லதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். பெரியவர் வேண்டாமென்று சொல்லவில்லை. "வாரா வாரம் பந்தயத்துக்குப் போறவருக்குச் சரி. நீங்க வாரா வாரம் எங்கே போறீங்க?" என்று மட்டும் கேட்டார். வாரா வாரம் அவன் போவது ஆபீஸுக்கும், காய்கறி மார்க்கெட்டுக்கும், இனிமேல் மாமனார் வீட்டுக்கும்.

பெரியவர் சொன்ன வரிசை இது. முதலில் டயர்க் காற்று. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் 33 என்றிருக்க, தம்பி 38 வைத்திருந்தான்! பிறகு சக்கரம். பழைய 16 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். புதிய 18 அங்குலத்தில் 9. காற்றடைத்த அந்த ரப்பரும் ஒரு ஸ்பிரிங்தானே? காசு கொடுத்து இரண்டு சென்டிமீட்டர் மெத்தையைக் கழற்றிப் போட்டிருக்கிறோம். அடுத்தது, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள். அதற்கப்புறம் ஷாக். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஸ்பிரிங்.

"அப்போ வளைவிலே சாயுமே?" என்று தம்பி பரிதாபமாகக் கேட்டான்.

அதற்கும் வழி இருந்தது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து 'ஸ்டெபிலைசர் பார்' என்று ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது அது சும்மா இருக்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு தடுக்கும். அதைக் கொஞ்சம் கனமாகப் போட்டுக்கொண்டால், தடைகள் நிறைந்த நம் ஊரில் வயிற்றுக்காரிக்கும் நிம்மதி, ஓட்டுகிறவனுக்கும் திருப்தி. ஒற்றைச் சக்கரம் குழியில் விழும்போது அந்தக் குலுக்கலை மற்றப் பக்கத்துக்கும் அது கடத்தும் என்பது உண்மை. குழியைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

சட்டமும் ஒரு வார்த்தை சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே காரை ஏற்றுவதோ தாழ்த்துவதோ செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸிலும், இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ மகனோ இருந்தால் இதை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

*

கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆனால் அது எங்கே? பட்டறையிலிருந்து கொண்டுவந்து எங்கேயோ போட்டதாகத் தம்பிக்கு ஞாபகம். அம்மா ஏணியைக் காட்டினாள். பரணில், பழைய பித்தளை அண்டாவுக்குள், நாலு ஸ்பிரிங்கும் கோணிச் சாக்கில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. "இரும்பாச்சே, எதற்காவது ஆகும் என்று எடுத்து வைத்தேன்" என்றாள். பக்கத்திலேயே, நாங்கள் படுத்த தூளியின் ஸ்பிரிங்கும் இருந்தது. அதையும் இறக்கி எண்ணெய் போட்டு வைத்தாள்.

ஷாக் மட்டும் புதிது. எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காக நைட்ரஜன் வாயு அடைத்தது. கம்பெனி உயரத்துக்கென்றே செய்தது. பழையதைவிடக் கொஞ்சம் இறுக்கம். காயில் ஓவருக்கு ஆகும் தொகையில் பாதிகூட ஆகவில்லை. இந்தத் தடவை பில்லைத் தம்பி முதலில் கொண்டு போய்க் காட்டியது அவன் மனைவியிடம். அவள் கூட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் வரி இரண்டு தடவை சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்!

சக்கரங்களை நேர்படுத்தி, விளக்கின் குறியையும் சரி பார்த்த பிறகு பெரியவர் மறுபடி மூலையை அமுக்கிவிட்டார். கார் மேலே வந்தது, நின்றது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, அதே செம்பு, அதே கழுத்து மட்டம், அதே அழகர்கோயில் சாலை. கடச்சனேந்தலில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் மெல்ல எழுந்து, மெல்ல அமர்ந்தது. அப்பன்திருப்பதியில் ஒரு பொல்லாத தடையில் ஒரு கை அளவு தண்ணீர் சிந்திற்று. மற்றபடி செம்பு செம்பாகவே திரும்பி வந்தது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, விரலை விட்டு அளந்து, "ஒரு விரற்கடை குறைகிறதே" என்றாள். பிறகு அந்தத் தண்ணீரைத் துளசி மாடத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். சம்மதம் என்று அர்த்தம்.

புறப்பட்ட அன்று முன்சீட்டில் அம்மா. பின்சீட்டில் கை நிறையக் கண்ணாடி வளையலோடு தம்பி மனைவி, பக்கத்தில் நான். டிக்கியில் சீர் தட்டுகள். ஐந்து வகைச் சாதம். தம்பி ஒவ்வொரு தடைக்கும் பத்தடி முன்பே பிரேக்கில் கால் வைத்து, தேர் வடம் பிடித்தவர் மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தான். வளையல்கள் சிணுங்கியதோடு சரி. மூன்றுமாவடி தாண்டியதும் ஒரு ஷேர் ஆட்டோ எங்களை முந்திற்று. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர், வைக்கோல் பாரத்தோடு.

அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டா, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாயே, இது இதற்குமேல் ஓடாதா?" என்றாள்.